வேர் பிடித்தால் சொல் வரும்: தமிழில் படித்துவிட்டுக் கொழும்புக்கு வருவோருக்கு

உயர்தரத்தைத் தமிழில் எழுதி, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, மருத்துவமோ பொறியியலோ விஞ்ஞானமோ படிக்கக் கொழும்புக்கு வரும் பிள்ளையை முதல் மாதத்திலேயே ஒரு பயம் பிடித்துக்கொள்ளும். விரிவுரை முழுக்க ஆங்கிலம். பாடம் தெரியும், அந்தப் பாடத்தின் சொற்கள் தெரியாது. எனக்கும் அதுதான் நடந்தது. முதலாம் ஆண்டில், முதல் பரீட்சையில், ‘எரித்ரோசைட்’ பற்றி எழுதச் சொல்லி ஒரு கேள்வி. இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தேன். வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த போர்டிங்கில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். அவரிடம் கேட்டேன். “செங்குழியம் தானே” என்றார்.

செங்குழியத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவள். அன்றிரவு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா ஒரு பஸ் ரிக்கற்றைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார். எரித்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் சிவப்பு. கைட்டோஸ் என்றால் உள்ளே குழிந்த பாத்திரம். செம்மை, குழியம். துண்டுக்குத் துண்டு பொருந்தியது.

அதன்பிறகு நான் ஆங்கிலக் கலைச்சொற்களைப் பாடமாக்கவே இல்லை, பிரித்துப் பார்த்தேன். இப்போது மாலையில் புதுமுக மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போதும் முதல் நாள் இதைத்தான் சொல்கிறேன்: நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்ச் சொல்லே ஆங்கிலச் சொல்லுக்கான திறப்பு. எங்கள் பாடநூல்களில் உள்ள கலைச்சொற்களில் பெரும்பகுதி, கிரேக்க, இலத்தீன் சொற்களின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டு ஆக்கப்பட்டவை. அந்த உழைப்பின் பலன் உங்கள் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் இரண்டு புத்தகம்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் 10ஆம், 11ஆம் தர விஞ்ஞானப் பாடநூல்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுங்கள். திணைக்கள இணையத்தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். இரண்டும் ஒரே புத்தகம். அதே அத்தியாயம், அதே படம். ஆங்கில மொழிமூல நூலில் அத்தியாயத்தின் இறுதியில் வரும் கலைச்சொற் பட்டியலில் ஆங்கிலச் சொல்லோடு சிங்களமும் தமிழும் இருக்கும். கடையில் வாங்கும் எந்த அகராதியையும்விட இந்தப் பட்டியல் உங்களுக்குப் பெறுமதியானது, ஏனென்றால் அதில் இருப்பது நீங்கள் படித்த அதே தமிழ். வர்த்தகம், கலைப்பிரிவுப் பிள்ளைகளும் தங்கள் பாடத்துக்கு இதேபோல ஒரு சோடி நூலைத் தேடிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் தமிழில் தேடினால் வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டு வழக்கு. நாங்கள் ஒளித்தொகுப்பு என்போம், அங்கே ஒளிச்சேர்க்கை. நாங்கள் கலம் என்போம், அங்கே செல். இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் தொடக்கத்தில் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லைச் சுமக்க வேண்டிவரும்.

பகுபதம் பிரிப்பது போலத்தான்

சாதாரண தரத் தமிழில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகள்: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். ‘நடந்தனன்’ என்ற சொல்லை நட, த்(ந்), த், அன், அன் என்று பிரித்து, சந்தி த் விகாரப்பட்டு ந் ஆனது என்று எழுதிய கைக்கு ஆங்கிலச் சொல் பெரிய காரியமில்லை. அங்கே பார்க்க வேண்டியவை மூன்றுதான்: முன்னால் ஒட்டுவது, நடுவில் பகுதி, கடைசியில் விகுதி. இரண்டு பகுதிகள் சேரும்போது நடுவில் பெரும்பாலும் ஒரு ‘ஓ’ வரும். தெர்மோமீட்டரில் வரும் ‘ஓ’ அப்படிப்பட்டது. அதைச் சாரியை என்று நினைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

ஒளித்தொகுப்பையே எடுப்போம். ஆங்கிலத்தில் போட்டோசிந்தசிஸ். போட்டோ ஒளி. சின் என்றால் கூட, சேர்த்து. தீசிஸ் என்றால் வைத்தல். சேர்த்து வைப்பதுதான் தொகுப்பு. இனி அந்தத் ‘தீசிஸ்’ உங்கள் கையில். பட்டப்படிப்பின் இறுதியில் நீங்கள் எழுதப்போகும் தீசிஸ், ஒரு கருத்தை முன்வைத்தல். ஹைப்போதீசிஸ், அடியில் வைத்தது. ஆய்வுக்கு அடியில் வைத்துக்கொண்டு தொடங்கும் கருத்து, எங்கள் கருதுகோள்.

இழைமணி இன்னும் அழகு. மைட்டோஸ் நூல் இழை, கொண்ட்ரியோன் சிறுமணி. மைட்டோகொண்ட்ரியா. நுணுக்குக்காட்டியில் முதலில் பார்த்தவர்களுக்கு அது சில இடத்தில் இழையாகவும் சில இடத்தில் மணியாகவும் தெரிந்ததால் வந்த பெயர். தமிழில் இழைமணி என்று வைத்தவர் அந்தக் காட்சியையே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சில இடங்களில் தமிழ் பெயர்க்காமல் ஒலியை மட்டும் எடுத்திருக்கும். அங்கேதான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் எங்கள் பழைய ஒலிபெயர்ப்பு ஆங்கில உச்சரிப்பை மறைத்துவிடுகிறது. ஐதரசன், காபோவைதரேற்று, ஒட்சிசன். ‘ஐதர’ என்று எங்கே கண்டாலும் அது ஆங்கிலத்தில் ஹைட்ரோ, அதாவது நீர். காபோவைதரேற்று கார்போஹைட்ரேட் ஆகிவிட்டதா? இந்த ஒரு மாற்றம் பழகினாலே இரசாயனவியல் விரிவுரையில் பாதிச் சொல் காதில் விழத் தொடங்கும்.

ஒரு வேருக்கு ஒரு பக்கம்

ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள். சொற்களை அகரவரிசையில் எழுதாதீர்கள். பக்கத்தின் நடுவில் ஒரு வேரை எழுதி, அதன் குடும்பத்தைச் சுற்றிலும் எழுதுங்கள். என் கொப்பியின் முதல் பக்கம் ‘லைசிஸ்’. கிரேக்கத்தில் அவிழ்த்தல், தளர்த்தல். எங்கள் பாடநூலில் இது பல இடங்களில் ‘பகுப்பு’ ஆகிறது.

ஹைட்ரோலிசிஸ், நீர்ப்பகுப்பு. எலெக்ட்ரோலிசிஸ், மின்பகுப்பு. அனாலிசிஸ், பகுப்பாய்வு, ‘அனா’ என்பது இங்கே முற்றாக என்ற பொருளைத் தருகிறது, முடிச்சை முழுவதும் அவிழ்த்துப் பார்ப்பது. கிளைகோலிசிஸில் வரும் கிளைக்கோ இனிப்பு, வெல்லம் உடைபடுவது. ஹீமோலிசிஸில் ஹீமோ குருதி, செங்குழியங்கள் உடைபடுவது. சிறுநீரக நோயாளர்கள் செய்துகொள்ளும் டயலிசிஸில் ‘டயா’ ஊடாக. மென்சவ்வின் ஊடாகக் கழிவைப் பிரித்தெடுப்பது. பராலிசிஸ் என்ற பக்கவாதத்துக்கும் இதே வேர்தான், உடலின் ஒரு பக்கம் தளர்ந்துபோவது. உயிரியல், இரசாயனவியல், ஆய்வுமுறை, வைத்தியம் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. கட்டலிசிஸும் இதே குடும்பம்தான். ஆனால் தமிழில் அது ஊக்கல். அங்கே பகுப்பு இல்லை. அப்படித் தமிழ் வேறு வழியில் போன சொல்லைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். அவற்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

மின்பகுப்போடு ஒரு கதையும் சேர்த்து எழுதியிருந்தேன். 1834இல் மைக்கேல் ஃபரடே தன் பரிசோதனைகளுக்குப் பெயர் தேடியபோது, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் அவருக்கு அனோட்டு, கதோட்டு என்ற சொற்களை ஆக்கிக்கொடுத்தார். அனா மேலே, கற்றா கீழே, ஹொடோஸ் வழி. மேலேறும் வழியும் கீழிறங்கும் வழியும். அயன் என்றால் போவது. எல்லாமே நடையும் வழியும்தான். அந்த ஹொடோஸ்தான் மெதட் என்ற சொல்லிலும் இருக்கிறது, ஒன்றைத் தேடிப் போகும் வழி. ஆய்வறிக்கையில் மெதடொலொஜி என்று தலைப்பிடும்போது இது நினைவுக்கு வரும்.

உங்கள் துறையிலேயே தொடங்குங்கள்

பொறியியலுக்கு மொறட்டுவைக்குப் போகிறவர்கள் பிரயோக கணிதத்து ‘எறியம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் ப்ரொஜெக்டைல். ‘ஜெக்ட்’ இலத்தீனில் எறிதல். ப்ரொஜெக்ட் முன்னே எறிவது, இன்ஜெக்ட் உள்ளே எறிவது, ரிஜெக்ட் திருப்பி எறிவது, ட்ரஜெக்டரி குறுக்கே எறியப்பட்டது போகும் பாதை.

அளவையியல் படித்த கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு உய்த்தறிவு, தொகுத்தறிவு தெரியும். டிடக்ஷன், இண்டக்ஷன். ‘டக்’ என்றால் இட்டுச்செல்லுதல். தமிழில் உய்த்தல் என்றாலும் செலுத்துதல்தான். மின்கடத்தியான கண்டக்டரும் பஸ் கொண்டக்டரும் அதே வேர். பொருளியலார் எக்கொனொமிக்ஸைப் பிரியுங்கள்: ஒய்கோஸ் வீடு, நொமோஸ் ஒழுங்கு. வீட்டை நிருவகிப்பது. 1866இல் ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ற் ஹெக்கல், உயிர்கள் தம் சூழலோடு கொள்ளும் உறவைப் படிக்கும் துறைக்குப் பெயர் வைத்தபோது இதே வீட்டைத்தான் எடுத்தார். அப்படி வந்தது எக்கொலொஜி, சூழலியல். ஒட்டோ என்றால் தான். ஒட்டொனொமி தன் ஒழுங்கைத் தானே பார்ப்பது. சுயாட்சி என்ற சொல்லை எத்தனை தேர்தல் மேடையில் கேட்டிருப்போம்!

கணக்கியல் மாணவருக்கு: டெப்ட்டர், கடன்பட்டோர், இலத்தீனில் தரவேண்டியிருப்பவர். கிரெடிட்டர், கடன்கொடுத்தோர், இலத்தீனில் நம்பியவர். நம்பிக் கொடுத்தவர் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் இனி மாறிப்போகாது. ஓடிட் என்றால் கேட்டல். முன்பு கணக்கை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்டே சரிபார்த்தார்கள். ஓடியோவும் ஓடிட்டோரியமும் அதன் உறவுதான்.

புதுக்கடையில் சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இலத்தீன் இரண்டு மடங்கு உதவும், ஏனென்றால் இலங்கையில் இன்றும் ரோமன்-டச்சுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. யூசுஃப்ரக்ட் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யூசுஸ் பயன்படுத்தல், ஃப்ரக்டுஸ் பழம், விளைவு. காணி என்னுடையதல்ல, ஆனால் அதில் இருக்கலாம், மாங்காய் பிடுங்கலாம். உங்கள் அம்மம்மாவின் காணி உறுதியில் ‘சீவிய உருத்து’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

எல்லாத் துறைக்கும் பொதுவான சொற்கள்

பாடச் சொல் வந்துவிட்டாலும் விரிவுரையில் இன்னொரு வகைச் சொல் ஓடிக்கொண்டே இருக்கும்: டிரைவ், அசியூம், கொன்ஸ்டிடியூட், இன்டர்ப்ரெட். இவற்றுக்கு எந்தப் பாடநூலின் கடைசிப் பக்கத்திலும் பட்டியல் இல்லை. 2000ஆம் ஆண்டில் அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் இப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்களைத் தொகுத்து ‘அக்கடமிக் வேர்ட் லிஸ்ட்’ என்று வெளியிட்டார். கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 வீதம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். பத்து உபபட்டியல்களாக இருக்கிறது, முதல் ஒன்பதில் ஒவ்வொன்றிலும் 60, கடைசியில் 30. முதல் மூன்றை மட்டும் முதலாம் ஆண்டுக்குள் முடியுங்கள். மீதி வாசிப்பில் தானாகச் சேரும்.

இந்தச் சொற்களில் இலத்தீன் அதிகம், தமிழ்த் துணை குறைவு. எனவே படத்தைப் பிடிக்க வேண்டும். டிரைவ் என்ற சொல்லை ஒருநாள் வகுப்பில் பிரித்தேன். கார் ஓட்டும் டிரைவ் இல்லை. கணிதத்தில் பெறுதி என்று நீங்கள் படித்தீர்களே, அந்தப் பெறுதியின் வினை. ரீவுஸ் என்றால் இலத்தீனில் ஓடை. ‘டி’ அதிலிருந்து. ஓடையிலிருந்து நீரை வாய்க்காலாகத் திருப்பி எடுப்பதுதான் டிரைவ். ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைப் பெறுவதும் அதுதான். ரைவல் என்ற சொல்லும் அந்த ஓடையில் பிறந்தது, ஒரே ஓடையில் நீர் எடுக்கும் பக்கத்துக் காணிக்காரன், அதனால் போட்டியாளன் என்றேன். பின்வாங்கில் இருந்த கிளிநொச்சித் தம்பி எழும்பி, “ரீச்சர், இது எங்கட வாய்க்கால் சண்டையெல்லோ! தண்ணி திறந்துவிடேக்க ஒவ்வொரு முறையும் நடக்கிறது” என்றான். இரணைமடு நீர் பாயும் வயலில் வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல்லை அவன் இனி மறக்கமாட்டான். உங்கள் ஊரிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படி ஒரு வாய்க்கால் இருக்கும். அதைக் கொப்பியில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

எழுதும்போது ஆங்கில எழுத்தையே எழுதுங்கள். தமிழில் எழுதிவைத்தால் ‘ப’ ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்ற குழப்பம் வரும், எழுத்துக்கூட்டலும் வராது. எழுத்துக்கூட்டல் ஒரு தடயமும்கூட. பீ, எச் இரண்டும் சேர்ந்து ‘ஃப்’ என்று ஒலித்தாலோ, சீ, எச் சேர்ந்து ‘க்’ என்று ஒலித்தாலோ, சைக்கொலொஜியில்போல முதலெழுத்துப் பீ ஊமையாக நின்றாலோ, அது கிரேக்கச் சொல் என்று ஏறக்குறைய உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பன்மையும் மூலமொழியைப் பின்பற்றும்: அனாலிசிஸ் பன்மையில் அனாலிசீஸ், பெனோமினன் பெனோமினா, பக்டீரியம் பக்டீரியா. கட்டுரையில் புள்ளி போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கால் வழுக்கும் இடங்கள்

ஹைப்பர், ஹைப்போ. மேலே, கீழே. வேகமாகச் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஹைப்பர்கிளைசீமியா குருதியில் வெல்லம் கூடுவது, ஹைப்போகிளைசீமியா குறைவது. மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டும் சரியாகச் சொல்லப் பழகுங்கள். நாளைக்கு உங்கள் முன்னால் கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருப்பார். ஒரு எழுத்து மாறினால் கொடுக்கும் மருந்தே மாறும்.

‘ஹோமோ’ கிரேக்கத்தில் ஒரே, இலத்தீனில் மனிதன். ஹோமோஜீனியஸ் முதலாவது, ஹோமோ சேப்பியன்ஸ் இரண்டாவது. ‘இன்’ சில சொல்லில் ‘இல்லை’ என்ற பொருள், சில சொல்லில் ‘உள்ளே’ என்ற பொருள். ‘பெட்’ இலத்தீனில் கால், ‘பீட்’ கிரேக்கத்தில் குழந்தை. பெடெஸ்ட்ரியன் நடந்து போகிறவர், பீடியற்றிக்ஸ் குழந்தை வைத்தியம்.

ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று முடிவுகட்டாதீர்கள். பரோமீட்டர் எங்களுக்குப் பாரமானி. கிரேக்கத்தில் பரோஸ் என்றால் பாரம். ஆனால் எங்கள் பாரம் சமஸ்கிருதத்தில் சுமத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. பரோஸ் உறவு கொண்டாடுவது சமஸ்கிருதத்துக் ‘குரு’வோடு, கனமானது என்ற பொருளில். நினைவில் வைக்க ஒலியொற்றுமை உதவட்டும், கட்டுரையில் அதைச் சான்றாக எழுதக்கூடாது. சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கனைப் பாருங்கள். இணையத்தில் இருக்கிறது. சொல் வேற்றுமொழியிலிருந்து வந்ததென்றால் எந்த மொழி என்று குறித்திருப்பார்கள்.

வேர் பழைய அறிவைத்தான் சொல்லும் என்பதும் நினைவிருக்கட்டும். ஒட்சிசன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று லவோய்சியே நம்பியதால் வந்த பெயர். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒட்சிசனே இல்லை. எங்கள் அணு, ஆங்கிலத்தில் அற்றம், என்றால் வெட்டமுடியாதது, அதைப் பிளந்தும்விட்டார்கள். ஆகவே வேரைக் கண்டுபிடித்தபின், இன்றைய வரைவிலக்கணத்தைப் புத்தகத்தில் ஒருமுறை வாசித்தேயாக வேண்டும்.

எவ்வளவு, எங்கே, எப்போது

கிழமைக்கு மூன்று வேர் போதும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சொல். சனிக்கிழமை அந்தக் கிழமையின் வேர்களில் இருந்து பத்து வசனம் எழுதுங்கள், உங்கள் பாடத்தைப் பற்றியே எழுதுங்கள். அனலைஸ், அனாலிசிஸ், அனலிற்றிக்கல் மூன்றும் எந்த இடத்தில் வரும் என்பது எழுதினால்தான் கைக்கு வரும். உச்சரிப்புக்கு வேர் உதவாது. போட்டோகிராஃப், போட்டோகிராஃபி இரண்டிலும் அழுத்தம் வேறுவேறு இடத்தில் விழும். அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும், போனில் இருக்கும் அகராதியில் ஒலியை அழுத்திக் கேளுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் நெரிபடும் நேரம் அதற்குத் தாராளமாகப் போதும்.

இருந்து படிக்க இடம் வேண்டுமென்றால், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகில் கொழும்பு பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு 57ஆம் ஒழுங்கையில், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் நடைதூரம். தனியாக உட்காராதீர்கள். வேறு துறைப் பிள்ளை ஒருவரோடு உட்கார்ந்தால் ஒரே வேருக்கு அவர் ஒரு சொல் தருவார், நீங்கள் ஒரு சொல் கொடுப்பீர்கள். சிங்கள மொழிமூலம் படித்த நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஒளித்தொகுப்பு அவருக்குப் பிரபாசங்ஸ்லேசணய. பிரபா ஒளி, சங்ஸ்லேசண இணைத்தல். அவரும் உங்களைப் போலவே அதே சொல்லை எதிர்க்கரையில் இருந்து பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இன்றிரவே ஒரு பக்கம் தொடங்குங்கள். மேலே பொலிமர் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், கீழே பல்பகுதியம் என்று தமிழில். இரண்டையும் நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். பிறகு மொனோமருக்கும் ஒருபகுதியத்துக்கும் அதையே செய்யுங்கள். அதன் பிறகு எண்டோதேர்மிக், அகவெப்பத் தாக்கம். எக்ஸோதேர்மிக், புறவெப்பத் தாக்கம். நான்கு கோடு போட்டு முடிந்ததும் பக்கத்தில் எத்தனை வேர் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.